கை முதலில் போகும் இடம்

சந்தனம் மணத்தது.

தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையின் எடைமேடை அறையில், மேசைக்கடியில், என்னோடு கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் மூன்று வாயுள்ள ஓர் உலோகத் துண்டு. கம்ப்யூட்டரின் முதுகில் கேபிளைக் கோத்துவிடும் இணைப்பு அது. மூன்று வாயிலும் சந்தனம் அப்பிக் காய்ந்திருந்தது. முதுகில் அளவெடுத்து வைத்ததுபோல் ஒரு குங்குமப் பொட்டு. வெளியே செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் ஆலை வாசலைத் தாண்டி ரோட்டுவரை நின்றன. வெட்டிய குலையைப் போட்டுவைத்தால் எண்ணெய் கெட்டுப்போகும். மேனேஜர் வாசலுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

அக்கா அந்தத் துண்டை மூக்கருகே கொண்டுபோனார்.

“நல்ல சந்தனம்லா,” என்றார். பிறகு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது. “டேய், இது சரோஜா தப்பு இல்ல. வயர் போற வழிய நாம வரைஞ்சதுதான் தப்பு.”

அவருக்கு அந்த யோசனை தட்டிய நிமிடம் அது. பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு ஒன்றும் தட்டவில்லை.

முந்தின நாள் ஆயுத பூசை. ஆலையில் பூசை என்றால் பாய்லர் முதல் ஸ்பேனர் வரை குளிப்பாட்டிப் பொட்டு வைத்துவிடுவார்கள். எடைமேடையில் கணக்கெழுதும் கிராணி சரோஜா தன் அறைக்கு வந்த புது ஆயுதங்களை மட்டும் விட்டுவிடுவாளா? ஆலையில் இருந்த கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றின் முதுகிலிருந்தும் இணைப்புகளைக் கழற்றி, துடைத்து, பொட்டு வைத்து, வாழையிலையில் பரப்பிப் படைத்திருக்கிறாள். காலையில் எல்லாவற்றையும் பழையபடி மாட்டியும் விட்டாள். ஆனால் நாங்கள் போட்டிருந்த கேபிள், ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என்று பூச்சரம்போலப் போவது. சரத்தின் இரு முனையிலும் விரல்நுனி அளவு வெள்ளி நிற மூடி இருக்க வேண்டும். ஒன்று இல்லாவிட்டாலும் சரம் முழுவதும் செத்துவிடும். அப்படி ஒரு மூடி இலையிலிருந்து உருண்டு சுண்டல் பொட்டலத்துக்குள் விழுந்து, பிரசாதமாக யார் வீட்டுக்கோ போய்விட்டிருந்தது. பிறகு ஒரு லாரி டிரைவர் அதைத் தாளில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். “பல்லு போயிருக்கும்லா தங்கச்சி,” என்று மட்டும் சொன்னாராம்.

அன்று காலையில் யாரும் சிரிக்கவில்லை.

“இந்தப் பொண்ணுக்கு இது சரிப்படாது,” என்றார் மேனேஜர். “காட்டுல பழம் பொறுக்கிக்கிட்டு இருந்ததைக் கூட்டியாந்து நாற்காலியில உக்கார வச்சேன். திரும்ப வெளிக்காட்டுக்கே போகட்டும். ஈப்போவுல டிப்ளமோ படிச்ச பையன் ஒருத்தனைச் சொல்லி வச்சிருக்கேன்.”

சரோஜா எடைச்சீட்டுகளைக் கையால் எழுதிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. பேனா மட்டும் நின்றது.

அக்கா மேசைக்கடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தார். தூசியைக்கூடத் தட்டவில்லை.

“தீபாவளி வரைக்கும் டைம் குடுங்க சார். வயரையெல்லாம் புதுசா இழுக்கிறேன். முடிஞ்சதும் நீங்களே வந்து எதை வேணும்னாலும் புடுங்குங்க. இந்தப் பொண்ணு யாரையும் கேக்காம அதைச் சரி பண்ணலன்னா, அப்புறம் உங்க பையனைக் கூட்டிக்குங்க.”

“எதை வேணும்னாலுமா?”

“எதை வேணும்னாலும்.”

மேனேஜர் தலையாட்டிவிட்டு லாரிகளைப் பார்க்கப் போனார். அவர் செருப்புச் சத்தம் அடங்கும்வரை சரோஜா காத்திருந்தாள்.

“அக்கா, யாரைக் கேட்டு என் வேலையை வச்சுப் பந்தயம் கட்டுனீங்க?”

அக்கா கைப்பையைத் துழாவி ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினார்.

*

அக்காவின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வார். கம்ப்யூட்டர் விற்று நெட்வொர்க் போட்டுக்கொடுக்கும் எங்கள் கம்பெனி, ஈப்போவை ஒட்டிய சிலிபினில், ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. நாங்கள் விற்கும் ஒவ்வொரு பெட்டியிலும் ‘பழுதானால் இவரைக் கூப்பிடவும்’ என்று பெயரும் போன் நம்பரும் போட்ட ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லியிருந்தார் முதலாளி. அக்கா தன் பெயர் போட்டதை மட்டும் நகத்தால் சுரண்டி எடுத்துவிடுவார். “ரோசாக் ஆனா என்னைத் தேடுற மாதிரி இருந்தா, அப்புறம் நான் என்ன வேலை செஞ்சேன்?” என்பார். முதலாளிக்கு இது புரிந்ததே இல்லை. பழுது பார்க்கப் போவதில்தான் வியாபாரம் என்று நினைத்தவர் அவர்.

அடக்க ஒடுக்கமான ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். முகத்தில் பாதியை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி, கைப்பைக்குள் ஸ்க்ரூடிரைவர், உருகி ஒட்டிப்போன மிட்டாய். பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவத்துக்குப் பிறகு தபால் வழியாகப் படித்து லண்டன் சர்டிபிகேட் வாங்கியவர். “ஈப்போவுல என்னைவிட நல்லா நெட்வொர்க் வரையிற ஆள் இருந்தா கூட்டிக்கிட்டு வாலா, டீ வாங்கித் தாரேன்,” என்று சவால் விடுவார். நான் பாலிடெக்னிக்கில் படித்து வந்தவன். வெளிநாட்டுப் பத்திரிகைகளை முதல் பக்கத்திலிருந்து கடைசி விளம்பரம்வரை படிப்பவன். எங்களுக்குள் சண்டை வராத நாள் குறைவு.

ஒரு நெட்வொர்க்கைப் போட்டு முடித்ததும் நான் திரையைப் பார்ப்பேன். அவர் திரையையே பார்க்க மாட்டார். நாளைக்கு அதைக் கையாளப்போகும் ஆளின் கையைப் பார்ப்பார். எதையாவது கழற்றிவிட்டுப் பேசாமல் நிற்பார். அந்த ஆள் தவிக்கும். நெற்றி வியர்க்கும். எனக்கே பாவமாக இருக்கும், வாய் திறந்து சொல்லிவிடலாம் என்று துடிப்பேன். அவர் இடுப்பில் இடிப்பார். “வாயை மூடு. கை மொதல்ல எங்க போகுதுன்னு பாரு. அங்கதான் எழுதி ஒட்டணும்.”

கீழே டயர் கடைக்காரரான சீனத் தவுக்கேயையும் இதற்குப் பிடித்துக்கொண்டு வருவார். கான்டனீசும் சந்தை மலாயும் தவிர வேறு தெரியாத மனிதர். கிரீஸ் கையோடு மேலே வந்து, வயர்களைப் பார்த்து, இது என்ன என்று மலாயில் “இனி அப்பா?” என்பார். அக்கா உதட்டைப் பிதுக்குவார். தவுக்கே சிரித்துக்கொண்டே எதையாவது இழுப்பார். அவர் இழுத்த இடத்திலெல்லாம் கறுப்பு விரல் தடம் பதிந்திருக்கும். அக்காவுக்கு வேண்டியது அந்தத் தடம்தான். அதைப் பார்த்து வரைபடத்தை மாற்றுவார்.

இது சில இடங்களில் வினையானதும் உண்டு. ஈப்போவில் ஒரு வக்கீல் ஆபீசில், சொல்லாமல் கொள்ளாமல் நடந்துபோகிறவர்போல் கேபிளைக் காலால் தட்டிவிட்டார். டைப் அடித்துக்கொண்டிருந்த அம்மாள் காலையிலிருந்து அடித்த பத்திரம் போய்விட்டது. அந்த அம்மாள் அழுதேவிட்டார். “இன்னைக்கு நான் தட்டுனேன். நாளைக்குக் கூட்டுறவங்க விளக்குமாறு தட்டும். இன்னைக்கே அழுதுட்டா நல்லதுலா,” என்று அக்கா சொன்னபோது எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. அந்தக் கேபிளைச் சுவருக்குள் ஏற்றியது பிறகுதான். ஆனால் அந்த அம்மாள் நாங்கள் அங்கே போகும்போதெல்லாம் வேறு அறைக்கு எழுந்து போய்விடுவார்.

*

ஆயுத பூசைக்கு மறுநாள் ஆலையிலிருந்து வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். பத்து காஜா ஊரைத் தாண்டியதும் அக்கா, பிளாஸ்டிக் பாக்கெட்டில் கட்டி வாங்கிய காப்பியை உறிஞ்சிக்கொண்டே ஆரம்பித்தார்.

எழுபதுகளில் அவர் குடும்பம் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தது. தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் ஒரே குழாயில் வரும். முதல் வீடு, இரண்டாம் வீடு என்று வரிசையாகப் போய்க் கடைசியில் இவர்கள் வீடு. முதல் வீட்டில் துணி துவைத்தால் இவர்கள் குடம் காலி. நடுவில் எங்காவது குழாய் உடைந்தால் அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு அன்று குளியல் இல்லை. இவர் அம்மா, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் விடியற்காலைப் பிரட்டுக்குப் போவதற்கு முன் ஒவ்வொரு வீடாகக் குழாயை மூடச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டு போவாராம்.

“தொரை பங்களாவுக்கு மட்டும் தொட்டியிலேருந்து தனிக் குழாய். யாரு துவைச்சா என்ன, யாரு குழாய் உடைஞ்சா என்ன, அவருக்குத் தண்ணி வரும். இவ்வளவு நாளும் நான் லயத்துக் குழாயைத்தான்டா இழுத்துக்கிட்டு இருந்திருக்கேன். எனக்குப் புத்தி வேணாமா?”

நடுவில் ஒரு பெட்டி. அதிலிருந்து ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனி வயர். இதுதான் அவர் சொன்னது. அப்படி ஒரு முறை இருப்பது எனக்கும் தெரியும். ஆனால் அது மெதுவானது, கேபிளையும் தின்னும்.

“அக்கா, உலகமே சரத்துக்குப் போய்க்கிட்டு இருக்கு. வேகம் அதுலதான். பத்திரிகையில போட்டிருக்கான்.”

“பத்திரிகைக்காரன் தெலுக் இந்தானுக்கு வந்திருக்கானா?”

“வேகம் வேணாமாக்கா?”

“எடைச்சீட்டு ஒன்னு போறதுக்கு என்ன வேகம்லா வேணும்? லாரியே உருண்டுக்கிட்டுத்தான் வருது.”

நான் விடவில்லை. “சரி. நடுப்பெட்டி செத்தா? அப்ப எல்லாமே சேந்து சாகுமே.”

அவர் காலிக் காப்பிப் பாக்கெட்டை முடிச்சுப் போட ஆரம்பித்தார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது அவர் குடும்பம் லகாட்டுக்குக் குடிவந்திருந்தது. அங்கே வேனை நிறுத்தினேன். இறங்கிக் கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்து ஜன்னலில் குனிந்தார்.

“ரெண்டு பெட்டி,” என்றார். “ஒன்னு வேலை செய்யும். ஒன்னு பக்கத்துல சும்மா தொங்கும். செத்ததுலேருந்து புடுங்கி மத்ததுல அதே இடத்துல சொருவ வேண்டியதுதான். போலாம், நீ போ.”

*

வயர் இழுப்பது சுலபமாக முடிந்தது. பெட்டிகளை மேனேஜரின் ஏர்கண்டிஷன் அறையில் வைத்தோம். தூசி இல்லை, சூடு இல்லை. புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. ஒத்திகை பார்த்த அன்று அக்கா ஒரு பெட்டியை அணைத்துவிட்டுச் சரோஜாவைக் கூப்பிட்டார். அவள் மேனேஜர் அறைக் கதவுவரை வந்தாள். கதவில் கை வைத்தாள். எடுத்துவிட்டாள். அப்படியே நின்றாள்.

“உள்ளதான் இருக்கு, போ,” என்றேன் நான்.

“சார் இல்லாதப்ப நான் எப்படிண்ணே உள்ள போறது?”

அக்கா அன்று சாயங்காலமே பெட்டிகளைக் கழற்றச் சொன்னார். எடைமேடை அறையில், நாள்காட்டி தொங்கும் சுவரில், நெஞ்சு உயரத்தில் இரண்டு ஆணி அடித்து மாட்டினோம். கரியும் தூசியும் படியுமே என்று கத்தினேன். மேலே பலகை, முன்னால் கம்பி வலை வைத்து ஒரு கூடு செய்துவிட்டார். “பூட்டின ரூம்ல வச்சா அது சாமி. வெளிய வச்சாத்தான் சாமான்,” என்றார்.

எந்த வயர் எங்கே போகிறது என்று சீட்டு எழுதி ஒட்டும் வேலையைச் சரோஜாவிடம் கொடுத்தார். அவள் ‘தராசு’, ‘ஆபீஸ்’ என்று எழுதினாள். பரிசோதனைக்கூடத்துக்கு ‘எண்ணெய் பாக்குற ரூம்’ என்று எழுதினாள். நான் திருத்தப் போனேன். அக்கா என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

அந்த நாட்கள் முழுவதும் சரோஜா அவரோடு வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டுமே பேசினாள். அக்கா மிட்டாய் நீட்டினால், “பரவாலக்கா,” என்று எடைச்சீட்டைப் பார்த்துக்கொண்டு சொல்வாள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு காலையில், லாரிகள் வரிசை கட்டி நின்ற நேரமாகப் பார்த்து மேனேஜர் வந்தார். லேசுப்பட்டவர் இல்லை. சரோஜாவை ஆபீசுக்கு எதற்கோ அனுப்பிவிட்டு, வேலை செய்துகொண்டிருந்த பெட்டியை ஆணியிலிருந்தே கழற்றிக்கொண்டுபோய்த் தன் கார் டிக்கியில் வைத்துப் பூட்டினார். போகிற வழியில் இன்னும் எங்கோ நுழைந்துவிட்டு வந்தார். பிறகு சரோஜாவைக் கூப்பிட்டு, “ரோசாக் ஆயிருச்சு. பாரு,” என்றார்.

நான் அறைக்குள் போகக் கால் எடுத்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்து, ஒரு லாரிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். “உள்ள போனா உன் மூஞ்சியப் பாப்பா. அப்புறம் அது அவ பண்ணினது ஆகாது.” அவர் விரல்கள் என் சட்டையை விடவே இல்லை.

நாங்கள் நின்ற இடத்திலிருந்து ஜன்னல் வழியாகச் சுவரில் ஒரு துண்டு மட்டும் தெரிந்தது. அதில் சரோஜாவின் கை வந்தது. முதலில் வெறும் ஆணிக்குப் போனது. அங்கேயே நின்றது. டிரைவர் ஏதோ கேட்டார். அக்காவுக்குக் காதில் விழவில்லை. கை கீழே இறங்கி, தொங்கிக்கொண்டிருந்த வயர்களைச் சேர்த்துப் பிடித்தது. சீட்டைத் திருப்பிப் பார்த்தது. பிறகு அடுத்த ஆணியில் இருந்த பெட்டியில் ஒவ்வொன்றாகச் செருகியது. பச்சை விளக்குகள் எரிந்தன. ஒன்று மட்டும் எரியவில்லை. விரல் அந்தச் சீட்டைத் தொட்டது. பிறகு கையைக் காணோம்.

“என்னாச்சு?” என்றார் அக்கா. “எங்க போனா?”

எடைமேடையில் நின்ற லாரிக்கு எடைச்சீட்டு வந்தது. அது உள்ளே போனது. அடுத்ததும் எடை போட்டுப் போனது. ஒரு வயர் செத்துக்கிடக்க, மற்றதெல்லாம் நடந்துகொண்டிருந்தது. காத்திருந்தவர்களை அனுப்பிவிட்டுத்தான் சரோஜா வெளியே வந்தாள். எங்களைத் தாண்டிப் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. வாசலைக் கடந்து எண்ணெய் பார்க்கும் அறைக்குள் நுழைந்தாள். மேனேஜர் பிடுங்கிப் போட்டிருந்த வயரின் மறுமுனை அங்கேதான் கிடந்தது.

மேனேஜர் காரிலிருந்து பெட்டியை எடுத்துவந்து அவள் மேசையில் வைத்தார். பாராட்டவில்லை. “தீபாவளி முடிஞ்சு நேரத்துக்கு வந்துரு,” என்றார். சரோஜா தலையாட்டினாள். அவர் போன பிறகுதான் உட்கார்ந்தாள்.

அக்கா அவளைக் கட்டிக்கொள்ளப் போவதுபோல் உள்ளே போனார். சரோஜா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“இன்னொரு தடவை என்னைக் கேக்காம என்னை வச்சு யாருக்கும் வாக்குக் குடுக்காதீங்கக்கா.”

அக்கா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கண் சிவந்திருந்தது.

“கேட்டிருக்கணும்,” என்றார். “தப்புதான்லா.”

திரும்பி வரும்போது வேனில் பாட்டுக்கூட வைக்க விடவில்லை. லகாட்டில் இறங்கும்போது, “அந்த வக்கீல் ஆபீசு அம்மா பேரு என்னடா?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

*

மறுவருடம் கோலாலம்பூரில் ஒரு பெரிய கம்பெனி அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. பிறகு சிங்கப்பூர் என்றார்கள், ஆஸ்திரேலியா என்றார்கள். இப்போது எங்கே என்று தெரியாது. டயர் கடைத் தவுக்கே இன்னும் மாடிப்படியைப் பார்த்து, அந்தப் பொண்ணு எங்கே என்று “அமோய் மானா?” கேட்பதுண்டு. அவர் போட்டுவிட்டுப் போன நெட்வொர்க்குகளிலிருந்து எங்களுக்கு அழைப்பு வருவதே இல்லை. முதலாளிக்கு அதில் வருத்தம். எனக்கு, உண்மையைச் சொன்னால், அவரோடு சண்டை போடாத நாட்கள் சப்பென்று இருக்கின்றன. எந்தக் கடைக்குப் போனாலும், கல்லாவில் இருப்பவர் கை முதலில் எங்கே போகிறது என்று பார்க்கிறேன். சிலர் என்னைத் திருடன் என்று நினைத்து முறைக்கிறார்கள்.

போன வாரம் சரோஜா போன் செய்தாள். ஆலையில் இப்போது நெட்வொர்க் வேலை முழுவதும் அவள் பொறுப்பு. ஆற்றங்கரைப் பக்கம் இரண்டாவது எடைமேடை வருகிறதாம். வெட்டவெளியில் நீளமாக வயர் இழுக்க வேண்டும். இடி விழுந்தால் மின்சாரம் வயர் வழியாக வந்து எல்லாவற்றையும் கருக்கிவிடும். அவளே ஒரு படம் வரைந்திருக்கிறாள். அறைக்குள் நுழைந்ததும் கைக்கு எட்டும் இடத்தில் ஓர் இணைப்பு. தூரத்தில் இடிச் சத்தம் கேட்டதும் அங்கே இருக்கும் பெண் அதைக் கழற்றிவிட வேண்டும். மழை விடும்வரை அந்த எடைமேடை தன் பாட்டுக்குத் தனியாக எடை போடும். மாட்டியதும் கணக்கு தானாக ஆலைக் கம்ப்யூட்டருக்கு வந்து சேர வேண்டும். அந்தக் கடைசிப் பகுதிக்கு நான் புரோகிராம் எழுதித் தர வேண்டும்.

“அங்க யாரு உக்காரப்போறா?”

“புதுப் பொண்ணுண்ணே. கம்ப்யூட்டரைத் தொடவே பயப்படுது.”

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. “சரியான ஆளு. சனிக்கிழமை வாரேன். அவகிட்ட ஒன்னும் சொல்லாத. இடி இடிக்கட்டும், என்ன பண்ணுதுன்னு பாப்போம்.”

மறுமுனையில் ஆலைச் சத்தத்துக்கு மேல் அவள் குரல் எழுந்தது.

“இல்லண்ணே,” என்றாள் சரோஜா. “மொதல்ல அவகிட்ட கேப்போம். தப்பா போனாலும் அவ வேலைக்கு ஒன்னும் ஆகாதுன்னு மேனேஜர்கிட்ட நான் பேசிட்டேன். அதையும் சொல்லுவோம். அவ சரின்னாத்தான்.”

புரோகிராம் பாதி எழுதியாயிற்று. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் போகிறேன். அந்தப் புதுப் பெண் சரி என்றால், மூன்று பேரும் ஆற்றங்கரை எடைமேடையில் உட்கார்ந்து முதல் இடிக்குக் காத்திருப்போம். அந்தப் பக்கம் மத்தியானத்துக்கு மேல் வானம் ஏமாற்றுவதில்லை. அவள் வேண்டாம் என்றால், சரோஜா தானே செய்து பார்க்கிறேன் என்கிறாள். அப்போதும் சரோஜாவைக் கேட்டுவிட்டுத்தான், கை முதலில் எங்கே போகிறது என்று பார்க்க நான் வெளியே போய் நிற்க வேண்டும்.